மணல் சட்டியில் ஒன்பது மீன் பை

எங்கள் வயதில் நாலு பேர் சேர்ந்தால் கதை சீனி வருத்தத்தில் தொடங்கும், பிறஷருக்குப் போகும், பிறகு சாப்பாட்டில் வந்து நிற்கும். சாப்பிடக்கூடாது என்று டொக்டர் சொன்னவற்றைப் பற்றித்தான் ஆசை ஆசையாகக் கதைப்போம். போன கிழமையும் அப்படித்தான். ஒருவர் பற்றிஸ் என்றார், இன்னொருவர் மட்டன் றோல்ஸ் என்றார். என்னையும் கேட்டார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். என்னிடம் இருந்தது மீன் பை பற்றிய கதை. அதைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. உங்களில் பலர் அந்த நாட்களில் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தவர்கள். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

பை என்றால் தோளில் கொழுவுகிற பை இல்லை. வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பலகாரம். சின்னக் கிண்ணத்துக்குள் மாவைப் பரப்பி, நடுவில் கறியை வைத்து, மேலே வட்டமாகத் தட்டிய இன்னொரு மாவால் மூடிச் சுடுவது. என் பெரியம்மா அதற்கு வைத்த பெயர் ‘மூடின பற்றிஸ்’.

அம்மா ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவர். அங்கே அவருடைய வகுப்பறையில் உண்மையான போறணை அடுப்பு இருந்தது, தராசு இருந்தது, வெண்ணெய் இருந்தது. அப்பா இறந்து, சண்டை வீட்டுவாசலுக்கு வந்த பிறகு, நாங்கள் கொழும்புக்கு வந்தோம். அம்மா, அம்மாவின் தமக்கையான பெரியம்மா, பன்னிரண்டு வயதான நான். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் இரண்டு அறை. கீழ்வீட்டில் சொந்தக்காரி, நோனா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு சிங்களப் பெண்மணி. குசினி என்று நாங்கள் சொன்னது மாடிப்படி முடிகிற இடத்தில் தகரம் அடித்த ஒரு மூலை. அதில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, குக்கர் என்போம்.

அந்த மூலையில் அம்மா மீன் பை சுட்டார்.

கடையில் விற்கிற ஒரு தகர ரின் மீனும் நாலு உருளைக்கிழங்கும் இருந்தால் ஒன்பது பை வரும். மீனை முள்ளோடு மசித்து, கிழங்கு, வெங்காயம், மிளகுத்தூள் போட்டுப் பிரட்டி எடுப்பார். ரின்னில் இருக்கிற தண்ணீரைக்கூட ஊற்றமாட்டார், அது அடுத்த நாள் சொதிக்குப் போகும். வெண்ணெய்க்குப் பதில் மாஜரின், அதிலும் பாதிக்குத் தேங்காயெண்ணெய். கொழும்புச் சூட்டில் அது கையில் பிடிக்கும் முன்னமே இளகிவிடும் என்பதால் கீழ்வீட்டு நோனாவின் பிறிட்ஜில் ஒரு போத்தல் தண்ணீர் வைத்து எடுத்து, அதை விட்டு மாவைக் குழைப்பார். அதற்கு வாடகையாக நோனாவுக்கு இரண்டு பை. உருட்டுவதற்குச் சோடாப் போத்தல். அச்சுக்குப் பதில் மீன் ரின்களின் அடிப்பாகம், இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைக் கல்லில் தட்டி மழுக்கியது. மேல்மாவை மூடி, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமத்தி, ஆவி போக நடுவில் கத்தியால் மூன்று கீறு. மிஞ்சிய மாத்துண்டுகளில் சீனி தூவிச் சுட்டு எனக்குத் தருவார். பேக்கரிகளில் எவ்வளவோ வாங்கித் தின்றிருக்கிறேன், அந்தக் கருகின சீனி வாசம் எதிலும் இல்லை.

போறணைக்கு ஒரு பழைய அலுமினியச் சட்டி. அதன் அடியில் மணலைப் பரப்பி, மூடி, குக்கரில் வைத்தால் உள்ளே நல்ல சூடு பிடிக்கும். ஒரு நேரத்தில் மூன்று ரின்தான் கொள்ளும். அந்த மணலை எடுக்கத்தான் நான் கடற்கரைக்குப் போனேன்.

ரயில் பாதையைக் கடந்தால் கடல். பாதையோரக் காவலரணில், சென்ரியில், ஆமிக்காரர் நிற்பார்கள். போகும்போது ஒருவரும் மறிக்கவில்லை. மணல் நிரப்பிய சீலைப்பையோடு திரும்பும்போது ஒருவன் கையைக் காட்டினான்.

“மே மொனவாத?” என்றான். இது என்ன என்று.

“வெலி,” என்றேன். மணல். அவ்வளவுதான் வாயில் வந்தது. பள்ளிக்கூடத்திலும் நோனாவின் குசினியிலும் பொறுக்கிய சிங்களம் நன்றாகவே தெரியும், ஆனால் துவக்கும் கையுமாக நின்றவனுக்கு முன்னால் அது எங்கேயோ ஓடிவிட்டது. மணல் எதற்கு, யார் கேட்டார்கள், எந்த வீடு என்று கேட்டுக்கொண்டே முழங்கை வரை கையைப் பைக்குள் விட்டுத் துழாவினான். பிறகு பாதியைத் தண்டவாளத்துக் கற்களில் கொட்டினான். நான் பலகாரம் சுட என்று சொன்னேன். அவன் நம்பினமாதிரித் தெரியவில்லை. போகச் சொன்னான். வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா பாதிப் பையைப் பார்த்துவிட்டு, “இது காணும், சட்டிக்குப் போதும்,” என்று மட்டும் சொன்னார். மூன்று தண்ணீரில் அலசி, உப்புப் போகக் காயவைத்தார். அதற்குப் பிறகு என்னைக் கடற்கரைக்கு அனுப்பவில்லை.

எனக்கு ஒரு அண்ணா இருந்தார். அவரைப் பற்றி அந்த வீட்டில் கதைப்பதில்லை. ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழர் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் அம்மாவுக்கு ஒரு பிள்ளை என்றுதான் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நான் தனிப்பிள்ளை. இதை அம்மா எனக்குப் பாடமாக்கி வைத்திருந்தார். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுப் பழக்கினார். அண்ணா பதினேழு வயதில் ஒரு காலைநேரம் ரியூசனுக்கு என்று சைக்கிளில் போனவர், இயக்கத்துக்குப் போய்விட்டார். சைக்கிள் மட்டும் இரண்டு நாள் கழித்து வந்தது.

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஊரிலிருந்து ஒரு அன்ரி கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, சேலை விளிம்பின் தையலைப் பிரித்து, தபால் முத்திரை அளவுக்கு மடித்த ஒரு கடதாசியை எடுத்துக் கொடுத்தார். நீலக் கோடு போட்ட கொப்பித்தாள். அண்ணாவின் எழுத்து. நான் சுகம், காலில் பட்ட காயம் ஆறிவிட்டது, தங்கச்சியைப் படிக்க விடுங்கோ, என்னைத் தேடி ஒருத்தரிட்டையும் விசாரிக்க வேண்டாம். அவ்வளவுதான். அம்மா அதை வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். நான் வாசித்துவிட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

பெரியம்மா வாசிக்காமலே சொன்னார்: “இப்பவே எரி.”

“பிறகு எரிப்பம், அக்கா.”

“பிறகு எண்டா எப்ப? அவங்கள் வந்து எடுத்தாப் பிறகோ? உன்னையும் இந்தப் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். நான் முழங்காலை இழுத்துக்கொண்டு எந்த வாசல்ல போய் நிக்கிறது?”

அம்மா கடதாசியை மறுபடி மடித்தார். சமையல் கொப்பிக்குப் போட்டிருந்த மண்ணிறக் கடதாசி உறைக்குள் அதைச் சொருகி வைத்தார். மூன்று கிழமை அது அங்கே இருந்தது. அந்த மூன்று கிழமையும் படியில் யார் ஏறினாலும் எங்கள் மூன்று பேரின் கண்ணும் அந்தக் கொப்பிக்குத்தான் போகும்.

அது ஒரு சனிக்கிழமை. அம்மா விடியக்காலையிலேயே பை சுடத் தொடங்கியிருந்தார். ஆறு பை முடிந்து, கோப்பை என்று நாங்கள் சொல்லும் பெரிய தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. கடைசி மூன்றுக்கும் கறி வைத்து, இன்னும் மூடவில்லை. அப்போது நோனா படியில் பாதி ஏறி நின்று, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள், வீடு வீடாகத் தேடுகிறார்கள், பொம்பிளை ஆமியும் வந்திருக்கிறது என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பொம்பிளை ஆமி என்றால் உடம்பிலும் ஒளிக்க முடியாது.

பெரியம்மா குக்கரைக் காட்டினார். “நெருப்பு இருக்கு. போடு.”

அம்மா கொப்பி உறைக்குள்ளிருந்து கடதாசியை எடுத்தார். நெருப்பைப் பார்த்தார். பிறகு மாஜரின் சுற்றி வந்த எண்ணெய்த்தாளைக் கிழித்து, அதில் கடிதத்தைச் சுற்றி, ஒரு ரின்னுக்குள் மீன் கறியின் நடுவில் அமத்தினார். மேல்மாவைப் போட்டு மூடி, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமத்தினார். மற்றவற்றுக்கு மூன்று கீறு, அதற்கு நாலு. நாலாவது கீறு கோணலாகப் போனது. மூன்றையும் சட்டிக்குள் இறக்கி மூடியை வைத்தார்.

“உனக்கு விசர் பிடிச்சிட்டுது,” என்றார் பெரியம்மா.

கேற்றில் தட்டினார்கள். எல்லாரும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவோடு கீழே வரவேண்டும் என்று உத்தரவு. பெரியம்மாவால் படி இறங்க முடியாது. முழங்கால் வீங்கியிருந்தது. அவரை மேலே விட்டுவிட்டு அம்மாவும் நானும் இறங்கினோம்.

கேற்றடியில் எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. ஒரு பொம்பிளை ஆமி அம்மாவின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள், என்னுடைய சட்டைக் கொலருக்குள் விரலை விட்டாள். அதிகாரி ஒருவர், அப்பா இருந்திருந்தால் அவருடைய வயது, பதிவுத்தாளை வாசித்து வாசித்து என்னைக் கேட்டார். எத்தனை பேர்? மூன்று. சகோதரர்? இல்லை. ஒருவருமே இல்லையா? இல்லை, சேர். பாடமாக்கியதைப் பிழையில்லாமல் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் மேலேயிருந்து பை வேகிற வாசம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நேரே சட்டிக்குத்தான் போவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

பிறகு அதிகாரியும் மூன்று ஆமிக்காரரும் எங்களோடு மேலே வந்தார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். அரிசி வாளிக்குள் கம்பியால் குத்தினார்கள். சமையல் கொப்பியை அதிகாரி விரித்து, உறையை உரித்து உதறினார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. நகம் பதிந்தது.

கடைசியாகக் குசினி மூலைக்கு வந்தார்கள். அங்கேதான் நான் அதைக் கண்டேன். சட்டிக்குள் இருந்த மூன்றையும் பெரியம்மா எடுத்துவிட்டார். ஒன்பது பையும் ரின்னிலிருந்து கழற்றி ஒரே கோப்பையில் அடுக்கியிருந்தன. மாஜரின்மா சூட்டில் பரந்து, கீறுகள் எல்லாம் மூடிக் கோடாகிப் போயிருந்தன. மூன்றா நாலா என்று ஒன்றிலும் சொல்ல முடியவில்லை.

ஒரு ஆமிக்காரன் சட்டியின் மூடியைத் திறந்து மணலைக் கண்டான். அதிகாரியின் முகம் மாறியது. கம்பியை விட்டுக் கிண்டச் சொன்னார். மணல் எதற்கு என்று என்னைக் கேட்டார். “பேக் கரன்ட, சேர்,” என்றேன். சுடுவதற்கு. அவர் மணலைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

அப்போது பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களம் நாலைந்து சொல்தான். கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி அதிகாரிக்கு முன்னால் நீட்டினார்.

“கன்ன, மாத்தயா,” என்றார். சாப்பிடுங்கள், ஐயா.

பயத்தில் பெரியம்மாவுக்கு அறிவு பிசகிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவின் வாயிலிருந்து காற்றுப் போவதுபோல ஒரு சத்தம் வந்தது.

அதிகாரி வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு தன்னுடைய ஆட்களைப் பார்த்தார். விடியப்புறம் தொடக்கம் நின்றவர்கள். கண்ணைக் காட்டினார். முகப்பரு நிறைந்த ஒரு பெடியன் முதலில் ஒன்றை எடுத்து அங்கேயே கடித்தான். ஆவி பறந்தது. அவனுடைய தாடை அசைவதை நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பல்லில் கடதாசி பட்டால் நின்றுவிடும். நிற்கவில்லை. “ரசய்,” என்றான், ருசியாம். இன்னும் இரண்டு பேரும் தலைக்கு ஒன்று எடுத்தார்கள். அதில் உயரமானவன், கையில் வெள்ளைத் தேமல் உள்ளவன், சென்ரியில் நிற்பவனுக்கு என்று இன்னொன்றையும் எடுத்து, மேசையில் கிடந்த பேப்பரில் சுற்றிக்கொண்டான். தன்னுடையதையும் அதற்குள்ளேயே வைத்தான். போய்விட்டார்கள்.

கேற் சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மா நிலத்தில் அமர்ந்து, மிஞ்சிய ஐந்து பையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்த்தார். கை சுட்டது தெரியாமல் பிய்த்தார். மீன், கிழங்கு, மீன், கிழங்கு. ஐந்திலும் இல்லை.

“என்ன வேலை செய்தனீங்கள், அக்கா?” என்றார். சத்தம் போடவில்லை. “என்ன வேலை செய்தனீங்கள்?”

பெரியம்மா சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் விபரமாகச் சொல்லத் தேவையில்லை. ஜீப் சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அம்மா ஒரு சீலைப்பையில் எனக்கு இரண்டு சட்டை, பல் பிறஷ், துவாய் எல்லாம் எடுத்து வைத்தார். தன்னைக் கொண்டுபோனால் நான் யார் வீட்டுக்குப் போகவேண்டும், எந்த பஸ், என்ன சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் கேட்டு ஒப்புவிக்க வைத்தார். அவர் சாப்பிட்டதை நான் காணவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஒழுங்கை முனைக்கு வரும்போது எங்கள் மாடி யன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்திருந்தால் அம்மா இருக்கிறார். ஒரு நாள் காற்றுக்கு அது சாத்தியிருந்தது. நான் சென்ரிக்காரன் பார்க்கிற மாதிரியே சப்பாத்துச் சத்தத்தோடு ஓடினேன். ஓடியதே பிழை என்று பிறகுதான் உறைத்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ குக்கர் புகைத்தது. அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் திரி மாற்ற அடித்தட்டைக் கழற்றினேன். கரிக்குள் நகத்தளவு ஒரு கடதாசித் துண்டு. கருகாத ஓரத்தில் நீலக்கோடு. ‘சுக’ என்று இரண்டு எழுத்து.

பெரியம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களோ எரிச்சனீங்கள்?” என்றேன்.

“ஓம்.” முழங்காலைத் தடவிக்கொண்டார். “நீங்கள் கீழ போன உடன திறந்து எடுத்தனான். மாவைத் திரும்ப ஒட்டினனான். அந்தக் கோப்பையில ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்சுதான் நீட்டினனான். குடுத்தா மேற்கொண்டு கிண்டமாட்டாங்கள் எண்டு நினைச்சன்.”

“அம்மாட்டைச் சொல்லுங்கோவன். அம்மா சாப்பிடுறேல்லை.”

“சொல்லமாட்டன். நீயும் சொல்லாத.” பெரியம்மா அழுததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். “பயம் எண்டா ஒரு மாசத்தில ஆறும், பிள்ளை. அவன்ரை எழுத்தை நான் எரிச்சுப்போட்டன் எண்டு தெரிஞ்சா அது கொம்மாவுக்கு ஆறாது. எனக்கும் போக வேற வீடு இல்லை.”

இன்று யோசித்தால் பெரியம்மா பிழை செய்தார் என்றுதான் சொல்வேன். எரித்தது பிழையில்லை, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. சொல்லாமல் விட்டதுதான் பிழை. ஆனால் எனக்கு அன்று பன்னிரண்டு வயது. பொய்யைப் பாடமாக்கிப் பழகிய பிள்ளை. இன்னுமொன்று வைத்திருப்பது பாரமாகத் தெரியவில்லை. அந்தத் துண்டைக் குக்கரில் போட்டேன். அன்றிலிருந்து ஜீப்புக்குப் பயப்படுவதை விட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயப்படத் தொடங்கினேன்.

ஒருவரும் வரவில்லை. ஒரு மாதம் போனது, மழை போனது. ஒரு பின்னேரம் அம்மா மாவை அரித்துக்கொண்டிருந்தவர், அரிதட்டை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“அந்த உயரமான பெடியன், கையில தேமல். அவன்தான். அவன் பிச்சுப் பாத்திருப்பான்.”

நான் கீழே சிந்திய மாவைத் துடைத்தேன்.

“தமிழ் வாசிக்கத் தெரியாட்டிலும், ஒளிச்சு வைச்ச கடதாசி எண்டு தெரிஞ்சிருக்கும்தானே. அதிகாரியிட்டைக் குடுக்கேல்லை. எங்களை நினைச்சு விட்டிருக்கிறான்.”

உள்ளே பெரியம்மா இருமினார். அம்மா திரும்ப மாவை அரித்தார். அன்று இரவுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார். அடுத்த வெள்ளி கோயிலில் அண்ணாவின் பெயருக்கு அருச்சனை செய்யச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் என்றார். பெயர், நட்சத்திரம் என்று ஐயர் கேட்டார். “தெரியாது ஐயா, ஒரு பிள்ளை,” என்றார். ஐயர் கேள்வி கேட்காமல் செய்தார். சோதனைச்சாவடிகளில் அம்மா முதலில் கைகளைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. அவனை ஒருநாளும் காணவில்லை.

அண்ணாவிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. அவருக்கு எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பெரியம்மா எனக்குக் கலியாணம் நடந்த வருடம் போய்விட்டார். கடைசி நாட்களில் அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்குவார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் தலையை அசைப்பேன். நிறுத்திவிடுவார். அவரைச் சொல்ல விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சண்டை முடிந்து சில வருடம் கழித்து, அம்மாவுக்கு நடை குறைந்துபோன காலத்தில், பின்னேரம் பல்கனியில் கதிரை போட்டு இருத்துவேன். கீழே சென்ரி நின்ற இடத்தில் சாப்பாட்டுக்கடை வந்துவிட்டது. ஒரு நாள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“அந்தப் பெடியன் தப்பியிருப்பானோ, பிள்ளை?”

“எந்தப் பெடியன், அம்மா?” எனக்குத் தெரியும். என்றாலும் கேட்டேன்.

“எங்கட கடதாசியைக் கொண்டுபோனவன். பிறகு எவ்வளவு சண்டை நடந்தது. அவனையும் அங்கால, வடக்குக்குத்தான் அனுப்பியிருப்பாங்கள்.”

அண்ணாவைப் பற்றி இப்படிக் கேட்க அம்மாவுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. நான் அவருடைய காலில் போர்வையை இழுத்துவிட்டேன்.

“ஓம் அம்மா,” என்றேன். “தப்பியிருப்பான்.”

“அப்ப நல்லது,” என்றார் அம்மா. “தாய்க்காரி வழி பாத்துக்கொண்டிருப்பாள்.”